குறையை அளக்கும் கோல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசுவதாக முன்னர்க் குறித்திருந்த பொருள் மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாறு. அதனை அடுத்த திங்களுக்கு ஒத்திவைத்து வேறொன்றைப் பற்றிப் பேச இசைவு வேண்டினோம். தலைவரவர்களும் அன்புடன் இசைந்தார்கள். காரணம் யாதெனின், சங்கத்தின் உதவி நிதியிலிருந்து உறுப்புக் குறையுடைய அங்கத்தினர்க்கு மாதந்தோறும் வழங்கும் சிறு தொகையை, அரசாங்கச் சான்றிதழில் நூற்றுக்கு 40 பங்கும் அதற்கு மேலும் குறை காட்டப்பெற்றவர்க்கே இனி அளித்தல் வேண்டும் என்னும் தீர்மானம் இன்று பிற்பகல் நம்முன் வரவிருக்கின்றது. தீர்மானம் கொணர்ந்த அன்பர்களின் நோக்கம் நன்று. பொதுப்பணம் பொய்யர் கையிற் சேரலாகாது என்பதில் நமக்கும் மாறுபாடில்லை. ஆயினும் அந்த 40 என்னும் எண் எங்ஙனம் பிறக்கின்றது, எதனை அளக்கின்றது, எதனை அளவாது விடுகின்றது என்று அறியாமல் கை தூக்குதல் முறையன்று.

குறைகளை வகைப்படுத்தி எண்ணும் வழக்கம் புதிதன்று. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாட்டில் எண்வகைக் குறைகள் சொல்லப்பெறுகின்றன. 1995ஆம் ஆண்டில் நமது நாட்டுச் சட்டம் ஏழு வகைகளை ஏற்றது. 2016 டிசம்பரில் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அவற்றை 21 ஆக்கிற்று. இரத்தம் உறையாமை, நடுக்குவாத நோய், அமிலம் வீசப்பட்டு உருவழிந்தோர் நிலை முதலியன அப்பொழுதுதான் பட்டியலுள் இடம்பெற்றன. வகை பெருகியது நன்மையே. ஆனால் வேலையில் 4 பங்கு, உயர்கல்வியில் 5 பங்கு என்னும் ஒதுக்கீடுகளைப் பெற 40 வேண்டும். மைய அரசு 2009இல் தொடங்கிய ஓய்வூதியத்திற்கோ 80 வேண்டும். அதனோடு வறுமைக்கோட்டிற்குக் கீழ் இருத்தலும் வேண்டும். அவ்வளவும் நிரம்பியவர்க்கு 2012இல் வகுத்த தொகை திங்களுக்கு 300 ரூபாய். (நமது மாநில அரசு மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகையை 2023 ஜனவரியில் ஆயிரத்திலிருந்து 1500 ஆக உயர்த்தியதையும் நன்றியுடன் குறிப்பிடுதல் வேண்டும்.)

இனி, அளவு செய்யும் முறையைக் காண்போம். ஒரு கண் முற்றும் ஒளியிழந்து மற்றொரு கண் நன்கு தெரிபவர்க்கு, 2018இல் வெளியான மதிப்பீட்டு நெறிகள் 30 என்று விதித்தன. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமோ, மற்றக் கண் பழுதற்றிருப்பினும் ஒரு கண்ணை இழந்த தொழிலாளி தம் சம்பாதிக்கும் ஆற்றலில் 40 பங்கு இழந்ததாகத் தன் அட்டவணையில் எழுதியிருந்தது. கண் ஒன்றே, இழப்பும் ஒன்றே. ஓர் ஏடு 30 என்றது, மற்றோர் ஏடு 40 என்றது. இரண்டும் பிழையென்று நாம் கூறவில்லை. ஒன்று உறுப்பை அளந்தது. மற்றொன்று கூலியை அளக்க முயன்றது. ஆயின், இன்றைய தீர்மானத்தின்படி அந்த ஒற்றைக் கண்ணர் நம் சங்கத்தின் வாயிலில் நின்று திரும்பிப் போதல் வேண்டும்.

இவ்வேறுபாட்டை நீதிமன்றங்கள் நன்கு உணர்ந்துள்ளன. தச்சர் ஒருவர்க்கு வேலையில் நேர்ந்த விபத்தால் இடக்கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பெற்றது. ஒரு கை இருக்கின்றதே என்று முதலாளி வாதித்தார். ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்தல் இயலாது; ஆதலின் அவர்க்கு நேர்ந்தது முழு இயலாமையே என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010இல் வேறொரு விபத்து வழக்கிலும் அந்நீதிமன்றம் இக்கருத்தை விரித்துரைத்தது: இடக்கை போயின் வண்டியோட்டிக்கும் தச்சர்க்கும் ஏறத்தாழப் பிழைப்பு முழுதும் போயிற்று, அரசாங்க எழுத்தர்க்கோ அவ்வளவு போகாது. மருத்துவர் இருவர்க்கும் எழுதும் எண் ஒன்றேயாகும்.

நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? குழித்தறியில் அமர்ந்து நெய்தவர்கள் இவ்வவையில் இன்னும் இருக்கின்றீர்கள். மிதிகட்டையை மாறிமாறி மிதித்தாலன்றிப் பாவு பிரியாது. பாவு பிரிந்தாலன்றி நாடா ஓடாது. பாதத்தின் முன்பகுதியை இழந்தவர் ஜவுளிக் கடையில் கணக்கெழுதலாம். தறிக்குழியில் இறங்கி அவர் செய்வது யாது? அறுந்த இழையைக் கண்டு முடிபவர்க்குக் கண்ணின் பெறுமதி எவ்வளவு என்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

உடற்குறையாவது கண்ணுக்குத் தெரியும். உள்ளத்து நோயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுதல் வேண்டும், தாய்மார்கள் பொறுத்தருள்க. அதற்கு வேறு கோல் உண்டு. தன்னைப் பேணிக்கொள்ளல், பிறரோடு பழகல், பேச்சும் புரிதலும், தொழில் என நான்கு துறைகள். ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் நீடித்த காலத்திற்கேற்ப 1 முதல் 4 வரை மேலும் சேரும். ஆகக் கூடியது 20. அதில் 7 வந்தால் 40 பங்கு. இக்கோல் உறுப்பை நோக்காது வாழ்க்கையை நோக்குவதாதலின், மற்றவற்றினும் சிறந்ததென்றே நாம் எண்ணுகின்றோம். ஆனால் விடை சொல்பவர் யார்? பெரும்பாலும் வீட்டார். நம் வீடுகளில் நடப்பது யாது? மருத்துவக் குழுவிடம் போகும் நாளில், பல திங்களாகத் தலைவாராது கிடந்த பெண்ணை நீராட்டி, பின்னலிட்டுப் பூச்சூட்டி, நல்ல சேலை உடுத்தி அழைத்துச் செல்கின்றோம். "சமைப்பாளா?" என்று கேட்டால், "எல்லாம் செய்வாள் ஐயா" என்கின்றோம். இளையவளுக்கு வரன் பார்க்கும் வேளையில் மூத்தவளின் நோய் ஏட்டில் ஏறலாகாது என்னும் அச்சம். மதிப்பெண் ஐந்தோ ஆறோ வந்து நிற்கின்றது. பின்னர் வெளியே வந்து மருத்துவரைக் குறை கூறுகின்றோம். மேலும், இந்நோய் தணிந்தும் மிகுந்தும் வருவது. தணிந்த நாளில் அளந்தால் ஓர் எண். மிகுந்த நாளில் அளந்தால் வேறோர் எண். அளவு செய்யும் நாளை நோய் அறியாது.

எண்ணே எல்லாம் என்று கொள்வதன் கேட்டிற்கு அண்மைக்கால வழக்குகள் சான்று. எழுதுங்கால் கைத்தசை இறுகி எழுத்து ஓடாது நிற்கும் நோயுடைய ஒருவர், தேர்வெழுதத் துணையெழுத்தர் வேண்டினார். வரையறுத்த அளவில் குறை இல்லையென்று மறுத்தனர். 40 இருந்தால்தான் துணை என்பது சட்டத்தின் கருத்தன்று என 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆசிரியராகிய நமக்கு அத்தீர்ப்பு பெரிதும் உவப்பளித்தது. 2024 அக்டோபரில் இதற்கு எதிர்மாறான வழக்கு. பேச்சுக் குறையில் 40ஐக் கடந்த மாணவர் ஒருவர்க்கு, அந்த எண்ணைக் காட்டியே மருத்துவக் கல்வியை மறுத்தனர். எண் மட்டும் ஒருவரை விலக்காது. அவரால் அக்கல்வியைக் கற்க இயலுமா என்பதையே குழு ஆராய்தல் வேண்டும் என்பது தீர்ப்பு. குறைந்தாலும் இல்லை, மிகுந்தாலும் இல்லை எனின், அவர்கள் எங்கே போவர்?

பொய்யரைத் தடுக்க வேறு வழி யாது என்று வினவுவீர்கள். நேர்மையான வினாவே. ஆனால் எண்ணிப் பாருங்கள்: பொய்யர் எவரும் சான்றிதழின்றி வருவதில்லை. தாளை எங்ஙனமேனும் தேடிக்கொண்டு வருபவரே அவர். தாளில்லாமல் வருபவர், ஒரு நாட் கூலியை விட்டு மாவட்ட மருத்துவமனைக்குப் போக இயலாத கைம்பெண்ணும், படியிறங்க மாட்டாத கிழவருமே. தீர்மானம் யாரைத் தடுக்கும் என்பதை நீங்களே முடிவு செய்க.

ஆதலின் நாம் ஒரு திருத்தம் கொணர்கின்றோம். 40 பங்குச் சான்றிதழ் உடையவர்க்கு உதவி தடையின்றிச் செல்க. அஃதில்லாதார் கேட்டால், நிர்வாகக் குழுவினர் இருவர் அவர் இல்லத்திற்குச் சென்று, முன்னர் என்ன தொழில் செய்தார், இப்பொழுது எதனைச் செய்ய இயலவில்லை, அவர்க்காக யார் தம் வேலையை விட்டிருக்கின்றார் என்று கேட்டறிந்து எழுதுக. இருவருள் ஒருவர் பெண்மணியாயிருத்தல் நலம். ஆண்டிற்கு ஒருமுறை மறுபடி காண்க. போன கையும் காலும் மீண்டும் முளைத்தனவா என்று ஆண்டுதோறும் கேட்பதை மட்டும் விடுக. உதவி பெறுவோர் பெயர் நம் இதழில் அச்சிடப்பெறலாகாது. வெளியானால் உள்ளத்து நோயுடையார் வீட்டார் ஒருவரும் வாரார்.

சான்றிதழ் வேண்டாமென்று நாம் சொல்வதாக யாரும் கொள்ளற்க. அரசாங்க உதவிகட்கு அஃது இன்றியமையாதது. நாடு முழுதும் செல்லுபடியாவது. 2021 ஜூன் முதல் அது இணையவழியே வழங்கப்பெறுகின்றது. விண்ணப்பம் தள்ளப்பட்டால் காரணத்தை எழுத்தில் தருதல் மருத்துவக் குழுவின் கடமை. அவ்வெழுத்தைப் பெறாமல் திரும்பாதீர்கள். மனநிறைவில்லையேல் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். போகும்பொழுது வீட்டில் நோயாளரோடு பகலெல்லாம் இருப்பவர் உடன் செல்க. ஊருக்குச் சென்றிருந்து நேற்று வந்த தமையனாரை அனுப்ப வேண்டா. கேட்ட வினாவிற்கு நல்ல நாளை நினைந்து விடை சொல்லாமல், பெரும்பாலான நாட்கள் எவ்வாறு கழிகின்றனவோ அவ்வாறே சொல்லுக.

கூட்டம் முடிந்தபின் நாமும் நம் மாணவர் இருவரும் இம்மண்டபத்தின் கீழைத் தாழ்வாரத்தில் மாலை ஆறு மணி வரை இருப்போம். விண்ணப்பம் பதிய விரும்புவோர் ஆதார் அட்டை, நிழற்படம், பழைய மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு வருக. சீட்டுகள் கசங்கியிருந்தாலும் எறிந்துவிட வேண்டா. தேதி தெரிந்தால் போதும்.