கையில் ஒட்டிய சாயம்

(குஜிலியம்பாறையில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



கரூர்ப் பக்கம் சாயப்பட்டறைக்குப் போய்வருகிற தோழரின் கையைப் பாருங்கள். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் சிவப்பு போகாது. "சாயந்தானே, என்ன செய்துவிடும்?" என்கிறோம். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அவுரி போட்டுத் துணி தோய்த்த காலம் போய்விட்டது. இன்று உலகில் புழங்கும் சாயங்களில் பாதிக்கு மேல் அசோ சாயங்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கிற ரசாயனச் சரக்கு அது. சேலை, லுங்கி, செருப்புத் தோல் எல்லாவற்றிலும் உண்டு. விலை மலிவு, நிறமும் பளிச்சென்று பிடிக்கும்.

எல்லா அசோ சாயமும் விஷமல்ல. ஆனால் சில வகைகள் உடம்புக்குள் போனால், அந்தக் கைகோப்பு அறுந்து பென்சிடின் போன்ற பொருள்களாகப் பிரிகின்றன. பென்சிடின் மூத்திரப்பையில் புற்றுநோய் உண்டாக்கும். ஜெர்மனியில் கண்டுபிடித்த காங்கோ சிவப்பு இந்த வகைதான். நோய் உடனே வராது. பத்து, இருபது வருஷம் கழித்தும் வரும். அப்போது எந்த முதலாளி பொறுப்பேற்பார்?

1994-ல் ஜெர்மனி இவ்வகைச் சாயங்களுக்குத் தடை போட்டது. 1997-ல் நம் மத்திய சர்க்கார் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. நல்லது. ஆனால், உடுத்துகிறவர் நலத்துக்காக ஏற்றுமதித் துணியைச் சோதிக்கிறார்கள். தொட்டியில் கைவிடுகிறவர் உடம்பைச் சோதிப்பது யார்?

வயலில் பாடுபடும் தோழர்களே, இது உங்கள் விஷயமுந்தான். கரூர் ஜில்லாவில் காவேரியோடு சேருகிற நொய்யலைப் பாருங்கள். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் குட்டையாயிற்று. உப்பேறி நிலம் பாழாயிற்று. விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நிலம் போனது விவசாயிக்கு. வேலை போனது தொழிலாளிக்கு. கழிவைச் சுத்தம் செய்யாமல் மிச்சம் பிடித்த பணம் இருவர் கைக்கும் வரவில்லை. ஆகவே இருவரும் ஒருவரையொருவர் பகைக்க வேண்டாம்.

சேர்ந்து கேட்போம்: சாய டப்பாவில் என்ன இருக்கிறதென்று தமிழில் எழுது! கையுறையும், தூள் மூக்கில் ஏறாமல் முகமூடியும் கொடு! வருஷந்தோறும் மூத்திரப் பரிசோதனை நடத்து! கழிவைச் சுத்தம் செய்!

நாம் செய்யவேண்டியதும் உண்டு. சாயக்கையோடு சோறு தின்னாதீர்கள், பீடி பிடிக்காதீர்கள். வலியில்லாமல் மூத்திரத்தில் ரத்தம் கண்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். "சாயப்பட்டறையில் வேலை செய்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

சாயம் துணியில் ஏறட்டும், தோழர்களே. நம் உடம்பில் ஏற வேண்டாம்!