எபிசோடு 41: முறுக்கு நடுங்குவதை நிறுத்திய ராத்திரி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

கொஞ்ச நாளாக இன்பாக்ஸில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "பனியில நாயைக் கூட்டிட்டு கேம்பிங் போறதுக்கு என்னென்ன வாங்கணும்?" நீங்க ஏன் கேட்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். என் பக்கத்தில் ஒரு படம் இருக்கு. உறைந்துபோன ஏரி, பின்னாடி பைன் மரங்கள், நடுவில் சிவப்பு ஜாக்கெட் போட்டுக்கிட்டு என் நாய் முறுக்கு நிக்குது. நான் போட்டதிலேயே அதிக லைக் வாங்கின படம் அதுதான்.

அந்தப் படம் எடுத்தது சாயங்காலம் 4 மணிக்கு. அதிலிருந்து 11 மணி நேரம் கழித்து என்ன நடந்ததுன்னு நான் எங்கேயும் எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். இன்னிக்கு அதைச் சொல்லிடறேன். என்ன வாங்கணும்ங்கிற பட்டியல் அதுக்கு அப்புறம்.

முறுக்கைத் தெரியாதவங்களுக்கு: அவள் வேளச்சேரித் தெருவில் பிறந்தவள். வால் சுருண்டு முறுக்கு மாதிரியே இருக்கும், அதனால அந்தப் பேர். டொராண்டோவில் வேலை கிடைத்தபோது அவளை விட்டுட்டு வர மனசு வரலை. ரேபீஸ் தடுப்பூசிச் சான்றிதழ், பெட்டி, விமானக் கட்டணம்னு ஒரு பெரிய தொகையைச் செலவு பண்ணி அழைச்சிட்டு வந்தேன். நம்ம ஊர்த் தெருநாயோட ரோமம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். குட்டையா, உடம்போடு ஒட்டி, மெல்லிசா இருக்கும். ஹஸ்கி, மலமூட் நாய்களுக்கு இருக்கிற மாதிரி உள்ளே பஞ்சு போல இன்னொரு அடுக்கு கிடையாது. வெயிலுக்காகவே அமைந்த உடம்பு.

ஆனா முதல் குளிர்காலத்தில் அவள் பனியைப் பார்த்து ஆடின ஆட்டம் இருக்கே! மூக்கால் உழுவாள், வட்டம் வட்டமா ஓடுவாள். "பார்த்தியா, இவளுக்குக் குளிரே தெரியல"ன்னு நானே முடிவு பண்ணிட்டேன். வீடியோ காலில் அம்மா மட்டும் சொன்னாங்க: "அது வாயில்லா ஜீவன்டா. குளிருதுன்னு உங்கிட்ட எப்படிச் சொல்லும்?" நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

இரண்டாவது குளிர்காலம், பிப்ரவரி ஆரம்பம். நானும் இரண்டு நண்பர்களும் அல்கொன்குவின் பூங்காவுக்குக் கிளம்பினோம். டொராண்டோவிலிருந்து வடக்கே சுமார் 3 மணி நேரப் பயணம். 1893-இல் தொடங்கப்பட்ட பூங்கா. 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடும் ஏரியும்தான். நெடுஞ்சாலை 60 பக்கத்தில் காரை நிறுத்திட்டு, சாமான்களைச் சறுக்கு வண்டியில் கட்டி இழுத்துக்கிட்டு, காட்டுக்குள்ளே 6 கிலோமீட்டர் நடக்கிறதா திட்டம். இரண்டு ராத்திரி தங்கல். செல்போன் சிக்னல் கிடையாது. நண்பர்களில் ஒருத்தன் மதுரைக்காரன். இன்னொருத்தி யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஸ்கார்பரோவில் வளர்ந்தவள். எங்க மூணு பேரில் முதலுதவிப் பயிற்சி எடுத்தவள் அவள் ஒருத்திதான்.

பகலில் எல்லாம் அருமையாகப் போச்சு. மைனஸ் 8 டிகிரி, நல்ல வெயில். முறுக்குக்கு ஜாக்கெட், நாலு காலுக்கும் துணி பூட்ஸ். ஒன்டாரியோ பூங்காக்களில் நாயை 2 மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில்தான் வைத்திருக்கணும். காட்டில் மூஸ் உண்டு, ஓநாய் உண்டு, அதனால நியாயமான விதிதான். அவளும் ஒழுங்கா என் பின்னாடியே, நான் மிதிச்ச தடத்திலேயே கால் வெச்சு வந்தாள்.

ஏரிக்கரைக்கு வந்து டென்ட் போட்டோம். அந்தப் படத்தை எடுத்தோம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சூரியன் மரத்துக்குப் பின்னாடி இறங்கற நேரம், "இன்னும் இருபது அடி உள்ளே போனா வெளிச்சம் சூப்பரா இருக்கும்"னு தோணிச்சு. போனேன். அவளும் வந்தாள். நான் கூப்பிட்டா அவள் எங்கேயும் வருவாள்.

ஏரி ஐஸைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு அப்போ தெரியாது. நல்ல தெளிவான ஐஸ் 10 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் மனுஷன் நடக்கலாம்ங்கிறதைப் படிச்சிருந்தேன். அங்கே அதைவிட நிறைய இருந்தது. ஆனா ஐஸ் மேலே பனி கனமா விழுந்தால், அந்த எடையில் ஐஸ் அழுந்தி, விரிசல் வழியா கீழே இருக்கிற தண்ணீர் மேலே ஏறிடும். மேலே வெள்ளையா பனி மூடியிருக்கும், அடியில் கூழ் மாதிரி ஈரம். உள்ளே விழுந்துட மாட்டோம், ஆனா நனைஞ்சுடுவோம். என் பூட்ஸ் கணுக்கால் வரை இறங்கிச்சு. முறுக்குக்கு வயிறு வரைக்கும்.

கரைக்கு ஓடி வந்து துண்டால் துடைச்சேன். நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார வெச்சேன். ஜாக்கெட்டை மேலே தொட்டுப் பார்த்தேன், காய்ஞ்ச மாதிரி இருந்தது. வயித்துப் பக்கம் கையை உள்ளே விட்டுப் பார்க்கணும்னு தோணவே இல்லை.

ராத்திரி மைனஸ் 19-க்குப் போச்சு. பிப்ரவரி ஆரம்பத்தில் அங்கே இருட்டு சுமார் 14 மணி நேரம். டென்ட்டுக்குள்ளே என் ஏற்பாட்டைச் சொல்றேன், கேளுங்க. எனக்கு மைனஸ் 29 வரைக்கும் தாங்கும்னு எழுதியிருந்த ஸ்லீப்பிங் பேக், கீழே இரண்டு அடுக்கு மெத்தை. அவளுக்குக் கீழே ஒரு ஃபோம் துண்டு, மேலே சென்னையிலிருந்து கொண்டு வந்த ஒரு போர்வை. இப்போ சொல்லும்போதே நாக்கு கூசுது.

நடுராத்திரி என் கால்மாட்டில் ஏதோ அதிர்ற மாதிரி இருந்தது. முறுக்கு நடுங்கிட்டிருந்தாள். போர்வையை இழுத்து நல்லா மூடிட்டு, "தூங்குடி செல்லம்"னு சொல்லிட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் அதிர்வு நின்னுடுச்சு. அப்பாடா, சூடாயிடுச்சு, தூங்கிட்டாள்னு நினைச்சு நானும் தூங்கிட்டேன்.

3 மணி வாக்கில் சிறுநீர் கழிக்க எழுந்தேன். நான் அசைஞ்சாலே தலையைத் தூக்கிப் பார்க்கிறவள் அவள். அன்னிக்குத் தூக்கலை. கூப்பிட்டேன். கண்ணை மட்டும் பாதி திறந்தாள். காதைத் தொட்டேன். ஜில்லுன்னு இருந்தது. வெளியே நின்னு பக்கத்து டென்ட்டைத் தட்டி, "இவ முதல்ல நடுங்கினா, இப்ப நடுங்கல, ஆனா எழுந்திருக்க மாட்டேங்கிறா"ன்னு சொன்னேன்.

உள்ளே இருந்து அவளோட குரல் வந்தது: "நடுக்கம் நிண்டிட்டுதா? ஐயோ, அது நல்லதில்லை. ஜாக்கெட்டைக் கழட்டுங்கோ, நான் வாறன்."

இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்குங்க. நடுக்கம்ங்கிறது உடம்பு தன்னைச் சூடாக்கிக்கப் போராடுற போராட்டம். நாயோட சாதாரண உடல் வெப்பம் நம்மைவிட அதிகம், 38-லிருந்து 39 டிகிரி சொச்சம். அது குறையக் குறைய நடுங்கும். ரொம்பக் குறைஞ்சா நடுங்கவும் தெம்பு இருக்காது. குளிரில் இருக்கிற நாய் சூடாகாமலேயே நடுக்கத்தை நிறுத்தி, மந்தமாப் படுத்துக்கிட்டா, அது ஆபத்தின் அடையாளம். நான் அதைத்தான் நிம்மதின்னு நினைச்சுத் தூங்கியிருக்கேன்.

ஜாக்கெட்டைக் கழட்டினோம். வயித்துப் பக்க உள்துணி ஈரமாவே இருந்தது, ஓரமெல்லாம் விறைச்சிருந்தது. ராத்திரி முழுக்க அந்த ஈரம் அவள் வயித்தோட ஒட்டிக்கிட்டு சூட்டை உறிஞ்சியிருக்கு. நான் போட்டுவிட்ட ஜாக்கெட்.

என்னோட காய்ஞ்ச டி-ஷர்ட்டால் துடைச்சு, ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளே என் நெஞ்சோடு சேர்த்து வெச்சு ஜிப்பை இழுத்தோம். மதுரைக்காரன் வெளியே போய் அடுப்பைப் பத்தவெச்சுப் பனியை உருக்கினான். டென்ட்டுக்குள்ளே அடுப்பு வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் எல்லாரையும் கொண்டு போயிடும். அவன் அந்தக் குளிரில் கையுறையைக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு வெந்நீர் போட்டான். அதைப் பாட்டிலில் ஊத்தி, கம்பளி சாக்ஸுக்குள்ளே போட்டு, அவள் நெஞ்சுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் வெச்சோம். நான் அவள் காலைத் தேய்ச்சுவிடப் போனேன். தோழி கையைப் பிடிச்சு நிறுத்தினாள். உறைஞ்சிருக்கக்கூடிய தோலைத் தேய்ச்சா இன்னும் காயமாகும். நடு உடம்புதான் முதலில் சூடாகணும், அதுவும் மெதுவா.

அதுக்கப்புறம் செய்ய ஒண்ணும் இல்லை. காத்திருக்கிறதுதான். முன்னாடி ஒரு தெருவில் ராஜாத்தி மாதிரி இருந்தவள். யார் வீட்டு வாசலில் வெயில் விழும், எந்தக் கடையில் பன் போடுவாங்கன்னு எல்லாம் தெரிஞ்சவள். அவளை விமானத்தில் ஏத்தி, இந்தக் காட்டுக்குக் கூட்டிட்டு வந்து, ஒரு படத்துக்காக நனைச்சிருக்கேன். அவள் மூச்சை எண்ணிக்கிட்டே கிடந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு. திடீர்னு அவள் உடம்பு உதற ஆரம்பிச்சது. எனக்குப் பயம். "திரும்ப நடுங்குறா!"ன்னு கத்தினேன். "நல்லது, நடுங்கட்டும்"னு பதில் வந்தது. போராட்டம் திரும்ப ஆரம்பிச்சிருக்கு. அஞ்சு மணிக்கு மேல் தலையைத் தூக்கி என் தாடையை நக்கினாள். நல்லா முழிச்சு, விழுங்க முடியுதுன்னு தெரிஞ்ச பிறகுதான் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்தோம்.

விடிஞ்சதும் யாரும் விவாதம் பண்ணலை. இரண்டாவது ராத்திரி கேன்சல். சாமான் பாதியை முதுகில் தூக்கிக்கிட்டு, சறுக்கு வண்டியில் அவளை ஸ்லீப்பிங் பேக்கோட சுத்திக் கட்டி 6 கிலோமீட்டர் இழுத்து வந்தோம்.

மருத்துவர் பரிசோதிச்சாங்க. உடல் வெப்பம் சரியாயிருந்தது. இடது காது நுனியில் லேசான உறைபனிக் காயம். திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். திட்டலை. ஒரு கேள்விதான் கேட்டாங்க: "இதுக்கு முன்னாடி இவள் தொடர்ந்து அதிகபட்சம் எவ்வளவு நேரம் குளிரில் இருந்திருக்கிறாள்?" நான் யோசிச்சேன். 40 நிமிஷ வாக்கிங். அதிலிருந்து நேரா இரண்டு ராத்திரிக்குத் தாவியிருக்கேன். பனியில் குதிச்சு விளையாடுறதும் பனியில் படுத்துத் தூங்குறதும் ஒண்ணு இல்லை. ஓடும்போது உடம்பே அடுப்பு. படுத்தா அடுப்பு அணைஞ்சுடும்.

சரி, இப்போ நீங்க கேட்ட பட்டியல்.

முதலில் நாய். உங்க நாய்க்கு இரட்டை ரோமம் உண்டா? ஒல்லியா, குட்டை ரோமமா, குட்டியா, வயசானதா இருந்தா, கடுங்குளிரில் காட்டில் தங்க வேண்டாம். நாயோட பாதத்தைப் பற்றி ஒரு அருமையான விஷயம் உண்டு. உள்ளே போகிற சூடான ரத்தக் குழாயைச் சுற்றிக் குளிர்ந்த ரத்தம் திரும்புகிற நுண்குழாய்கள் வலையாப் பின்னியிருக்கும். சூடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி, பாதம் உறையாமல் இருக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் இதை விளக்கினாங்க. அதைப் படிச்சுட்டுத்தான் "நாய்க்குக் குளிராது"ன்னு நான் தைரியமாப் போனேன். பாதம் தாங்கும்ங்கிறதால முழு உடம்பும் தாங்கும்னு ஆகாது.

அப்படியும் பாதத்துக்குப் பாதுகாப்பு வேணும். விரலிடுக்கில் பனி உருண்டை கட்டி வலிக்கும். பூட்ஸ் ஒண்ணாவது கழண்டு தொலையும். அலாஸ்காவில் 1973-லிருந்து நடக்கிற இடிட்டரோட் பந்தயத்தில், ஒவ்வொரு நாய்க்கும் 8 பூட்ஸ் கையில் இருக்கணும்ங்கிறது விதி. அதுக்கே பிறந்த நாய்களுக்கே அப்படின்னா, நாம எந்த மூலைக்கு?

மூணாவது, தரை. குளிர் மேலிருந்து வர்றதைவிடக் கீழேதான் சூட்டைப் பிடுங்கும். காற்றடிச்ச மெத்தையை நகம் கிழிச்சுடும். கெட்டியான ஃபோம் இரண்டு அடுக்கு போடுங்க. அவங்களுக்குன்னு தனி ஸ்லீப்பிங் பேக், இல்லாட்டி உங்களோட பேக்கிலேயே இடம்.

நாலாவது, சாப்பாடும் தண்ணியும். குளிரில் உடம்பு நிறைய எரிக்கும், வழக்கத்தைவிட அதிகம் கொடுங்க. பனியைத் தின்னவிட்டால் உள்ளே இன்னும் குளிரும். வெதுவெதுப்பான தண்ணி கொடுங்க. பாட்டிலைத் தலைகீழா வெச்சா வாய்ப்பக்கம் உறையாது.

அஞ்சாவது, ஈரம். படுக்கும் முன் ஜாக்கெட்டுக்குள்ளே கையை விட்டு வயிறு, அக்குள் எல்லாம் தொட்டுப் பாருங்க. ஈரம்னா கழட்டுங்க. மாற்று ஜாக்கெட் இல்லைன்னா போகாதீங்க.

கடைசியா, ஒத்திகை. வீட்டுப் பின்கட்டிலோ, காரை பக்கத்தில் நிறுத்திட்டு ஒரு கேம்ப் தளத்திலோ ஒரு ராத்திரி தங்கிப் பாருங்க. முடியலைன்னா பத்து நிமிஷத்தில் வீட்டுக்கோ காருக்கோ போயிடலாம். 6 கிலோமீட்டர் உள்ளே போனப்புறம் அந்த வசதி இல்லை.

இந்தக் குளிர்காலத்திலும் நான் கேம்பிங் போறேன். முறுக்கு வரலை. அக்டோபரில் மூணு பேரும் போன இடத்துக்கு அவளும் வந்தாள், ராத்திரி 4 டிகிரி, என் பேக்குக்குள்ளேயே குறட்டை. பிப்ரவரியில் மட்டும் ஸ்கார்பரோவில் தோழியோட அம்மா வீட்டில் விடுவேன். அந்த ஆன்ட்டி அவளுக்கு ஹீட்டர் பக்கத்தில் மடிச்ச சேலை ஒண்ணு போட்டு வெச்சிருக்காங்க. என்னை வழியனுப்பக்கூட அங்கிருந்து எழுந்து வர்றதில்லை.

படத்தை அழிக்கலை. இந்த எபிசோடை அதுக்குக் கீழேயே போடப் போறேன். இதுக்கு அப்புறம் எடுத்த படங்களில் அவளோட இடது காதைப் பெரிசாக்கிப் பாருங்க. நுனியில் ரோமம் முளைக்கவே இல்லை.

அடுத்த வாரம் பார்ப்போம். உங்க வீட்டு நாலுகால் பிள்ளைங்களைப் பத்திரமாப் பார்த்துக்குங்க.