கண்ணடியும் கல்லடியும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பொறாமையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பு ஆபத்தானது. கொஞ்சம் அசந்தால் பேச்சு உபதேசமாகிவிடும். திருக்குறளில் 'அழுக்காறாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதை ஒப்பிக்க நான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வர வேண்டியதில்லை. ஆகவே ஒரு பொருளை முன்னால் வைத்துக்கொண்டு பேசுகிறேன். அந்தப் பொருள் கார். தெருவில் வந்து நின்றால் தெருவே சின்னதாகிப் போகிற மாதிரியான கார்.

அந்தக் காரை ஒருவன் சாவியால் கீறிவிட்டுப் போகிறான். இன்னொருவன் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுகிறான். மூக்கில் இருக்கிற கம்பெனிச் சின்னத்தைத் திருகி எடுத்துக்கொண்டு ஓடுகிறான் வேறொருவன். கார்க்காரர் என்ன சொல்கிறார்? "வயித்தெரிச்சல் சார். தன்னால வாங்க முடியலையேங்கிற பொறாமை." அதோடு நிறுத்துவதில்லை. "பக்கத்துல குப்பம் இருக்கு சார், அங்க உள்ள பசங்கதான்" என்கிறார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே சாட்சியும் கிடையாது, விசாரணையும் கிடையாது. பொறாமை என்ற சொல்லே சாட்சியாகிவிடுகிறது. கோடு போட்டது பங்காளியாக இருக்கலாம், எதிர்வீட்டு அதிகாரியின் மகனாக இருக்கலாம். ஆனால் ஸ்டேஷனுக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் கவிதை எழுதுகிறவன். ஒரு சொல்லைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன். நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது: கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. புதுக் கார் வாங்கினால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். பூசணிக்காய் உடைக்கிறார்கள். மிளகாயும் எலுமிச்சையும் கோத்து முன்னால் தொங்கவிடுகிறார்கள். எதற்கு? இல்லாதவன் பார்த்துவிடுவான் என்று. திருடுவதற்கு முன்னாலேயே, தொடுவதற்கும் முன்னாலேயே, பார்ப்பதே குற்றம் என்கிற மனசு இது. பார்வையில் பட்டாலே தீட்டு என்று புதிரை வண்ணாரைப் பகலில் நடமாட விடாமல் வைத்திருந்த நாடுதானே! அன்றைக்கு அவர்களைப் பார்த்தால் தீட்டு. இன்றைக்கு நாம் பார்த்தால் திருஷ்டி. பழமொழியைச் சொன்னவன் கல்லடி படாதவன் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்லடி பட்டவன் அப்படிச் சொல்லமாட்டான்.

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ரோல்ஸ் ராய்ஸ் காரின் முன்னால் சிறகு விரித்த பெண் சிலை ஒன்று நிற்கும். 1911 முதல் நிற்கிறது. 2003-இல் வந்த ஃபாண்டம் காரில் அந்தச் சிலைக்குக் கீழே ஒரு பொறி வைத்தார்கள். யாராவது பிடித்து இழுத்தால் அம்மா சட்டென்று உள்ளே இறங்கி ஒளிந்துகொள்வாள். காட்டத்தான் வைத்தது, ஆனால் கை நீண்டால் மறைய வேண்டும். சொத்தின் குணத்தை இதைவிடச் சுருக்கமாக ஒரு கவிஞனாலும் சொல்லிவிட முடியாது.

1987 வாக்கில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஃபோக்ஸ்வாகன் கார்களின் சின்னங்கள் காணாமல் போயின. பீஸ்டி பாய்ஸ் என்ற பாட்டுக் குழுவில் ஒருவர் அந்தச் சின்னத்தைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். பார்த்த இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை. அது பணக்காரக் கார் அல்ல. சாதாரண ஜனங்களின் கார். பையன்களுக்குக் கார் தேவைப்படவில்லை, அடையாளம் தேவைப்பட்டது. இதற்குப் பொறாமை என்று பெயர் வைத்தால் பொருந்துமா?

பெர்லின் கதை இப்படி வேடிக்கையானதல்ல. 2011 ஆகஸ்டில் அங்கே இரவுக்கு இரவு கார்கள் எரிந்தன. மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி. இடதுசாரித் தீவிரவாதிகளின் வேலை என்று பலர் அடித்துச் சொன்னார்கள். அக்டோபரில் ஒருவர் பிடிபட்டார். வயது 27, வேலை இல்லை, கடன். அரசியல் நோக்கம் ஏதும் இல்லை, விரக்தியிலும் பொறாமையிலும் செய்தார் என்பதுதான் வெளியே வந்தது. அவர் வைத்த நெருப்பில் எரிந்தும் கருகியும் போன வண்டிகள் 100 வரை. 2012-இல் ஏழு ஆண்டு சிறை. ஆக, பொறாமையே கிடையாது என்று நான் வாதாட வரவில்லை. இருக்கிறது. வேலையில்லாத ஒருவன் ராத்திரியில் தனியாக நடக்கும்போது அது கூடவே நடக்கிறது. ஆனால் அந்தத் தீயால் பெர்லினில் ஒருவருக்காவது வேலை கிடைத்ததா? வாடகை குறைந்ததா?

நம் தோழர்களில் சிலர் வேறு மாதிரி கேட்கிறார்கள். "ஏன், இதுவும் ஒரு கலகம்தானே? எளியவர்களின் ஆயுதம்தானே?" ஜேம்ஸ் ஸ்காட் எழுதி 1985-இல் வெளிவந்த நூலைக் காட்டுகிறார்கள். நல்ல நூல். மலேசியாவில் கெடா மாநிலத்து நெல் விவசாயக் கிராமத்தைப் பற்றியது. அங்கே அறுவடை இயந்திரம் வந்ததும் ஏழைகள் அதன் டீசல் டேங்கில் மண்ணைப் போட்டார்கள், பேட்டரியைக் கழற்றி வாய்க்காலில் எறிந்தார்கள். ஆனால் ஏன் செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும், தோழர். அந்த இயந்திரம் அவர்கள் கதிர் அறுத்து, அடித்து வாங்கிக்கொண்டிருந்த கூலியை விழுங்கியது. அவர்கள் கை வைத்தது தங்கள் சோற்றில் கை வைத்த இரும்பின் மீது. கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கிற கார் உங்கள் கூலியை விழுங்கவில்லை. விழுங்கினவன் உள்ளே பந்தியில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கீறல் அவன் மேல் விழுவதில்லை.

யார் மேல் விழுகிறது? இதை நான் வங்கி குமாஸ்தாவாகச் சொல்கிறேன். காருக்கு முழுக் காப்பீடு எடுத்திருந்தால் தீ, திருட்டு, கலவரம், வேண்டுமென்றே செய்கிற சேதம் எல்லாமே அதில் அடங்கும். கார் எரிந்தால் கம்பெனி பணம் தரும். ஆனால் சின்னக் கீறலுக்கு யாரும் கிளெய்ம் போடுவதில்லை. முதல் ஆயிரம் ரெண்டாயிரம் எப்படியும் சொந்தக் கையிலிருந்துதான் போக வேண்டும். அதோடு கிளெய்ம் போடாமல் இருந்தால் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கிற தள்ளுபடியும் போய்விடும். அப்புறம் என்ன? டிரைவர். "நீ எங்கே போயிருந்தே?" எங்கள் கவுண்டருக்கு வரும் டிரைவர் ஒருவருக்கு ஒரு கதவின் பெயிண்டுக்காக மூன்று மாதம் சம்பளம் பிடித்தார்கள். அவர் டீ குடிக்கப் போனது பத்து நிமிஷம். அவரும் நம் ஆள்தான். கோடு போட்டவன் பணக்காரனைக் கீறியதாக நினைத்துக்கொண்டு தூங்கியிருப்பான்.

அதனால் என் முதல் கருத்து இது: கீறாதீர்கள். அது பாவம் என்பதற்காகச் சொல்லவில்லை. அது விலாசம் தப்பிய கோபம்.

இனி இரண்டாவது கருத்து. நான் வந்ததே இதைச் சொல்லத்தான். சொத்தைப் பார்த்து எரிகிற வயிறு கீழேதான் இருக்கிறது என்று யார் சொன்னது?

1995 ஆகஸ்ட் 31, கொடியன்குளம். இன்றைய தூத்துக்குடி மாவட்டம். வளைகுடா நாடுகளுக்குப் போய் வேலை செய்து அனுப்பிய பணத்தில் கொஞ்சம் நிமிர்ந்து நின்ற பள்ளர் ஊர். சுமார் 600 போலீஸ்காரர்கள் உள்ளே போனார்கள். டி.வி., மின்விசிறி, டேப் ரிக்கார்டர், தையல் மிஷின், சைக்கிள், டிராக்டர், லாரி என்று கண்ணில் பட்டதையெல்லாம் உடைத்தார்கள். படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் எரித்தார்கள். கிணற்றில் விஷம் கலந்தார்கள். அந்தப் பட்டியலை மறுபடி நினைத்துப் பாருங்கள். உயர்வதற்கு உதவுகிற பொருள்கள் ஒன்றுவிடாமல் அதில் இருக்கின்றன.

2012 நவம்பர் 7, தருமபுரி. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. சாதி மாறிய ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி 200-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. பெங்களூர் போய் உழைத்து வாங்கிய நகையும் பீரோவும் போயின. மோட்டார் சைக்கிள்கள் எலும்புக்கூடாக நின்றன. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் கையில் வெட்டுப்பட்டார். "நீ எப்படிடா புல்லட் ஓட்டலாம்" என்று கேட்டு வெட்டியதாகப் புகார். மூன்று பேர் கைதானார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. தன்னிடம் இல்லாதது அடுத்தவனிடம் இருந்தால் வருவது பொறாமை. புல்லட்டும் டி.வி.யும் தன் வீட்டிலேயே இருக்கிறவனுக்கு, சேரியில் ஒருவன் அதையே வாங்கினால் வருவது என்ன? அவனுக்கு இந்த வண்டி வேண்டாம். நம்மிடம் அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமமின்மை என்று சொன்னாரே, அந்தப் படி ஆடுகிறது. தன் பொருளுக்குத் தன் சாதி கொடுத்திருந்த மதிப்புக் குறைகிறது. அதைப் பொறாமை என்று சொல்வதுகூட அதற்குக் கொடுக்கிற மரியாதை. பொறாமைக்காரன் ராத்திரியில் தனியாக வருவான், முகத்தை மறைத்துக்கொள்வான். இவர்கள் கூட்டமாக வருகிறார்கள். ஆனால் பத்திரிகையில் எப்படி வருகிறது? ஏழை கீறினால் 'பொறாமை', 'விஷமிகள்'. ஊர் திரண்டு எரித்தால் 'மோதல்', 'இரு தரப்பு', 'பதற்றம்'.

சட்டத்துக்கே இது தெரிந்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தை எடுத்துப் பாருங்கள். பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புதுத்துணியோ அணிவதை, கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுத்தால் குற்றம் என்று எழுதியிருக்கிறது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் சைக்கிள் ஓட்ட விடு என்று எழுத வேண்டியிருக்கிறது என்றால், யார் கண் யார் வண்டி மேல் பட்டிருக்கிறது?

கடைசியாக, எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது டூ வீலருக்கு அய்ந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால் சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் முதல் வருடத்துக்குத்தான் இருக்கும். அதைப் புதுப்பிக்காமல் விட்டால், வண்டி எரிந்த அன்றைக்கு மூன்றாம் நபர் பாலிசியில் காலணா வராது. கடன் பாக்கி இருந்தால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கும். வண்டி சாம்பலானாலும் எங்கள் கம்ப்யூட்டர் அடுத்த மாதத் தவணையைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதற்கு ஊரும் சேரியும் தெரியாது. ஆகவே தெருத்தெருவாகப் போய் அந்தப் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். ஆர்.சி., பில், சான்றிதழ் நகல்களைத் தெருவுக்கு வெளியே ஓரிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். தாக்குதல் நடந்தால் 1995-ஆம் ஆண்டு விதிகளின் 6-ஆம் விதிப்படி மாவட்ட ஆட்சியரோ உட்கோட்ட அதிகாரியோ நேரில் வந்து சேதத்தைக் கணக்கெடுத்தாக வேண்டும். அவர் வரும்போது நம் கையில் பட்டியல் இருக்க வேண்டும். தீ வைத்துச் சொத்தை அழித்ததற்கு 3(2)(iii) பிரிவு இருக்கிறது, எஃப்.ஐ.ஆரில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டேஷனை விட்டு வெளியே வர வேண்டும்.

இதெல்லாம் குமாஸ்தா வேலை மாதிரித் தெரியும். தெரியட்டும். நம் சொத்துக்கு எலுமிச்சம்பழம் காவல் இருக்காது. காகிதமும் சங்கமும்தான் இருக்கும்.