கேட்கத் தக்க கேள்வி

 

நூலக வாரவிழாவின் இம்மேடையில், தமிழிலக்கியம் பயிலும் கல்லூரி மாணவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு, “வாழ்வின் நோக்கத்தை இளைஞன் கண்டடைவது எங்ஙனம்” என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். வாழ்ந்து முடித்தவர்கள் பேச வேண்டிய பொருளை, வாழத் தொடங்காதவனிடம் ஒப்படைத்திருக்கும் உங்கள் துணிவைப் பாராட்டிவிட்டு, என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்ல முற்படுகிறேன்.

நம் மரக்காணத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒவ்வொருவனும் நாள்தோறும் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. திண்டிவனம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார்; தேநீர்க் கடையில் பெரியப்பா முறை உடையவர் கேட்பார்; கலியாண வீட்டுப் பந்தியில், இலையில் சோறு விழுவதற்கு முன்னே அந்தக் கேள்வி விழும். “படிச்சிட்டு என்னாவாப் போற, தம்பி?” அன்பினால் கேட்கப்படும் கேள்விதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அக்கேள்வி ஓர் இளைஞனை என்ன செய்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பதில் தெரியாத அவன் தனக்குள்ளேயே தேடத் தொடங்குகிறான். ஏதோ ஓர் இலட்சியம் தன் நெஞ்சின் ஆழத்தில் புதையல் போலப் பிறவியிலேயே புதைக்கப்பட்டிருப்பதாகவும், மற்றவர்களெல்லாம் அதை எடுத்துக்கொண்டு விட்டதாகவும், தனக்கு மட்டும் அது அகப்படவில்லை என்றும் கருதி மனம் சோர்கிறான். என் அபிப்பிராயம் என்னவெனில், நோக்கம் என்பது அங்ஙனம் உள்ளே தோண்டி எடுக்கப்படும் வஸ்து அன்று. அது வெளியே, நம்மை எதிர்பார்த்துக் கிடக்கும் ஒரு வேலையின் உருவத்தில், பெரும்பாலும் பிறர் ஒருவருடைய வாயிலிருந்து வரும் வேறொரு கேள்வியாக, நம்மை வந்து அடைகிறது என்பதே.

இதை நான் என் கற்பனையால் சொல்லவில்லை. தமிழுலகம் நன்கறிந்த ஒருவருடைய சரித்திரத்தைச் சான்றாக வைக்கிறேன்.

1855-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் நாள் பிறந்த உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதன் என்னும் பிள்ளைக்கும் இதே கேள்வி வந்தது. தந்தையார் சங்கீத வித்துவான். மகன் இசையில் தேர்ச்சி பெற வேண்டுமென்பது அவருடைய விருப்பம். ஊராரோ, இவ்வுலக சௌக்கியத்துக்கு இங்கிலீஷும், மறுவுலக சௌக்கியத்துக்கு ஸம்ஸ்கிருதமும் இருக்க, இரண்டுக்கும் உதவாத தமிழைப் படித்து என்ன பயன் என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளை வாதம் செய்யவில்லை. தமிழ் பிடித்திருந்தது, படித்தான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், அவர் 1876-இல் காலமாகும் வரையில், அந்தாதியும் கலம்பகமும் பிள்ளைத்தமிழும் கோவையும் புராணமுமாக, அந்நாளில் தமிழ்ப் படிப்பென்று மதிக்கப்பட்டவற்றையெல்லாம் இரவு பகலாகப் பாடங் கேட்டான். 1880-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் தாம் ஓய்வு பெறும்போது தம்முடைய ஸ்தானத்தை இந்த இளைஞருக்கே பெற்றுத் தந்தார். பெரியோர்களே, இங்கே தயைகூர்ந்து கவனியுங்கள்: உத்தியோகம் கிடைத்துவிட்டது, கல்லூரியில் கௌரவம் கிடைத்துவிட்டது, “என்னாவாப் போற” என்ற கேள்விக்குத் திருப்தியான பதிலும் கிடைத்துவிட்டது, ஆனால் அவர் எதற்காக இன்று நினைக்கப்படுகிறாரோ, அந்த வேலை இன்னும் அவருடைய கனவிலும் தோன்றவில்லை.

அது அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் வந்தது. கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை, மரியாதை கருதி, அவர் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவ, இவர் தாம் கற்ற நூல்களின் பெயரை வரிசையாக அடுக்கினார். கேட்பவர் வியப்படைவார் என்று எதிர்பார்த்தவருக்கு, முதலியாருடைய முகத்தில் ஒரு சலனமும் காணாதது திகைப்பாயிற்று. பிறகு முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று வினவினார். அவற்றைப் படித்ததில்லை, படிக்கப் புத்தகமும் கிடைத்ததில்லை. கற்றவர் என்று பெயரெடுத்த ஓர் ஆசிரியர், தம் துறையைச் சாராத ஒரு நியாயாதிபதியின் முன்னிலையில் அப்படி ஒப்புக்கொள்ள நேர்ந்த அந்தக் கணத்தில்தான், நண்பர்களே, டாக்டர் உ. வே. சாமிநாதையர் என்னும் மகாமகோபாத்தியாயர் பிறந்தார் என்று நான் கருதுகிறேன்.

முதலியார் கேள்வியோடு நிற்கவில்லை. சிந்தாமணிப் பிரதியையும் கொடுத்து, தாமே அமர்ந்து பாடங் கேட்கவும் செய்தார். இவரோ நூலில் புகுந்த பிறகே தமக்குத் தெரியாதது எவ்வளவு என்று கண்டார். அது சமண காவியம். அதன் கொள்கைகளும் பரிபாஷைகளும் சைவச் சூழலில் வளர்ந்தவருக்குப் புதியவை. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாமல், கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர் இல்லம் ஒன்றைத் தேடிச் சென்றார். சென்ற அன்று அவ்வீட்டில் ஏதோ விசேஷம் போல அலங்காரம் செய்திருந்தது. என்னவென்று விசாரித்தால், அவர்கள் சில மாத காலமாக வாசித்து வந்த ஒரு நூல் அன்று நிறைவெய்தியதாம்; அந்நூல் சிந்தாமணியாம்! கல்லூரி ஆசிரியருக்கு முதலியாரைக் காணும் வரையில் பரிச்சயமாகாதிருந்த ஒரு காவியத்தை, அதே ஊரில் ஓர் இல்லத்தார் கோலமிட்டுத் தோரணங் கட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். நம் செஞ்சி, திண்டிவனம் பக்கத்திலும் சமணக் குடிகள் உண்டு, மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் உண்டு. அவர்களுடைய புத்தக அலமாரியில் என்ன இருக்கிறதென்று அடுத்த தெருவில் இருக்கும் நாம் என்றேனும் கேட்டதுண்டா?

1880-இல் எழுந்த கேள்விக்கு 1887-இல், சிந்தாமணி அச்சாகி வெளிவந்தபோது, முதல் விடை கிடைத்தது. இடையில் கழிந்த ஆண்டுகளில் பகலெல்லாம் கல்லூரி, மற்ற நேரமெல்லாம் ஏடு. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில், எந்த நூலென்று தெரியாத மேற்கோள்கள் பல வந்தன. அவற்றின் மூலத்தைத் தேடப் போனவருக்குப் பத்துப்பாட்டு அகப்பட்டது. அது 1889-இல் வெளியாயிற்று. அதன்பின் 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று, முன்சீப் ஒருவர் ஒரு நாள் கேட்ட கேள்வி, ஏறத்தாழ அறுபதாண்டு உழைப்பாக விரிந்தது.

இதற்கும் மரக்காணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

அந்தப் பத்துப்பாட்டில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. அதைப் பாடிய நல்லூர் நத்தத்தனார், நமக்கு வடக்கே கடலோரத்தில் இன்றும் அதே பெயரோடு விளங்கும் இடைக்கழிநாட்டைச் சேர்ந்தவர். பாடப்பட்டவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் என்னும் ஊர், நான் கல்லூரிக்குப் போய்வரும் திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது. அப்பாட்டில் வரும் எயிற்பட்டினம் என்னும் துறைமுகத்தை ஆராய்ச்சியாளர் பலர் இந்த மரக்காணத்தோடு பொருத்திக் காண்கிறார்கள். அதில் உப்பு வணிகராகிய உமணரின் வண்டி வரிசை வருகிறது. உமணப் பெண்ணின் குழந்தைகளோடு, முத்தை உள்ளே வைத்த சிப்பியைக் கிலுகிலுப்பையாக ஆட்டி ஒரு குரங்கு விளையாடுகிறது.

ஆனால் வகுப்பறையில் என்னை உலுக்கியது அந்த அழகிய காட்சியன்று. வறுமையுற்ற பாணன் வீட்டுச் சமையலறை ஒன்று அப்பாட்டில் உண்டு. கூரை சரிந்திருக்கிறது, கரையான் அரித்த சுவரில் காளான் முளைத்திருக்கிறது, குட்டி போட்ட நாயொன்று, பாலில்லாத மடியைக் கண் திறவாத குட்டிகள் இழுப்பது பொறுக்காமல் குரைக்கிறது. அவ்வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, புறம்பேசுவோர் பார்த்துவிடுவார்களே என்று கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு உண்கிறாள். உப்பு விளையும் கடற்கரைக்கு வழிகாட்டும் ஒரு பாட்டில், உப்பில்லாத கீரை! இடுப்பளவு உப்புக் குவியலின் பக்கத்தில் நின்று வேலை செய்துவிட்டு, ஐப்பசி பிறந்தால் வேலையுமின்றிக் கூலியுமின்றி அடுப்பை எண்ணிக் கவலைப்படும் வீடுகளில் ஒன்றில் பிறந்த எனக்கு, அந்தக் கதவு எங்கள் தெருவிலிருப்பதாகவே தோன்றியது. என் தாயார் இந்த அவையில் இருக்கிறார். அவர் இதை மறுக்கமாட்டார். சாமிநாதையர் அந்த ஏட்டைத் தேடிப் பிடித்திராவிட்டால், நம் பக்கத்துப் பெண்ணொருத்தியின் மானத்தைக் காப்பாற்றிய அந்தக் கதவு, கரையானுக்கே இரையாகியிருக்கும்.

இனி, அத்தகைய கேள்வி வருமுன் நாம் அடைய வேண்டிய வளர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அதை விளக்க நான் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கழியிலிருந்து இறைத்த நீர் முதலில், உப்பின் செறிவை அளக்கும் டிகிரி மானியில் மூன்று காட்டும். பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் நிறுத்தி, இருபத்தைந்தை நெருங்கும்போதுதான் உப்புப் பூக்கும். அதற்கு முன்னரே சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் வெள்ளையாகப் படிவதுண்டு. விஷயமறிந்த அளக்காரர் அதை உப்பென்று வாரிக் குவிப்பதில்லை. முப்பதுக்கு மேல் ஏற விட்டாலோ கசப்பு நீராகிவிடும். அதை வெளியே திறந்துவிட வேண்டும். நீர் வருமுன்பே பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்கிய உழைப்பு ஒன்றிருக்கிறதே, அது பார்வைக்குத் தெரிவதில்லை. அது இல்லையேல் வாரும் உப்பெல்லாம் சேறாகும். மாணவப் பருவமும் இத்தகையதே. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற கலம்பகமும் அந்தாதியும் வீணாயின என்று சொல்வது பேதைமை. அவைதாம் தரையை இறுக்கின. அந்தப் பயிற்சி இல்லாதவரிடம் முதலியார் ஆயிரம் கேள்வி கேட்டிருந்தாலும் ஒன்றும் விளைந்திராது.

வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடாமல் இலட்சியம் பேசுகிறான் இவன் என்று சிலர் எண்ணக்கூடும். நான் அப்படிச் சொல்லவில்லை. சாமிநாதையர் சம்பளம் வாங்கிய ஆசிரியர். 1903-இல் சென்னை இராசதானிக் கல்லூரிக்கு மாற்றலாகி, 1919-இல் ஓய்வு பெறும்வரை வகுப்பு எடுத்தவர். உத்தியோகம் அவருக்குச் சோறு போட்டது, ஏடு அவருக்கு அர்த்தம் தந்தது. ஒன்றுக்காக மற்றதை அவர் கைவிடவில்லை. ஆகவே வேலை கிடைக்கும் வரையில் நோக்கம் காத்திருக்கட்டும் என்பதும், நோக்கம் தெரியும் வரையில் வேலை வேண்டாம் என்பதும் சோம்பலின் இரு வேஷங்களே.

என் மட்டில், எனக்குக் கிடைத்த கேள்வி சிறியது. நம் பூமீசுவரர் கோயில் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, அவற்றில் உப்பளங்களைப் பற்றிய செய்தி இருப்பதாக ஆசிரியர் ஒருவர் சொல்லிவிட்டு, “உங்கள் ஊர்தானே, நீ வாசித்திருக்கிறாயா?” என்று கேட்டார். அன்றாடம் வலம்வந்த சுவரில் ஓர் எழுத்துக்கூட எனக்குப் படிக்கத் தெரியவில்லை. இப்போது கல்வெட்டெழுத்துக் கற்று வருகிறேன். அதோடு, அளத்தில் பாத்தி மிதிக்கும்போது பெண்கள் பாடும் பாட்டையும், வரப்புக்கும் மடைக்கும் கருவிக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களையும், பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வைக்க எண்ணியிருக்கிறேன். சாமிநாதையரோடு என்னை ஒப்பிடும் அவிவேகம் எனக்கில்லை. ஆனால் அவர் ஊரூராகப் போனார். எனக்கு வேண்டியவை தெருக்கோடியிலேயே இருக்கின்றன.

ஆதலால் இரண்டு விண்ணப்பங்களோடு முடித்துக்கொள்கிறேன். இளைஞர்களே, நோக்கம் தெரியவில்லையே என்று கண்ணை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். கையிலிருக்கும் பாடத்தைச் சிரத்தையோடு கற்றுக்கொண்டு, உங்களைவிட வேறான மனிதர்களின் வீட்டு வாசலுக்குப் போய், தெரியாததைத் தெரியாதென்று சொல்லிக் கேளுங்கள். பெரியோர்களே, உங்களுக்கு இன்னும் முக்கியமான வேலை இருக்கிறது. இராமசாமி முதலியார் சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கவில்லை. சரியான கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டார், பிறகு ஒரு புத்தகத்தையும் கொடுத்தார், உடனமர்ந்து பாடமும் கேட்டார். ஆகவே அடுத்த முறை எங்களைப் பேருந்தில் காணும்போது “என்னாவாப் போற” என்று கேளாமல், “இதைப் படித்தாயா, அதைப் பார்த்தாயா, கழுவேலி ஏரிக்கு வரும் பறவையின் பெயர் தெரியுமா, உன் பாட்டனார் அளத்துக் கணக்கு நோட்டை எங்கே வைத்திருக்கிறார்” என்று கேளுங்கள். பதில் தெரியாமல் நாங்கள் விழித்தால் தயங்காமல் கடிந்துகொள்ளுங்கள். மறுநாள் வீடு தேடி வருவோம்.