கரும்பித்தம்



ஆங்கிலத்தில் ‘மெலன்கலி’ என்றொரு சொல் உண்டு. விலகாமல் படிந்துவிடும் ஆழ்ந்த சோகத்துக்கு அந்தப் பெயர். கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘மெலாஸ்’ என்றால் கருப்பு, ‘கோலே’ என்றால் பித்தநீர். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் ஹிப்போகிரட்டீஸ் வழிவந்த மருத்துவர்கள், உடம்பில் ரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்கள் இருப்பதாக நம்பினார்கள். கரும்பித்தம் மிஞ்சினால் மனம் இருண்டுபோகும் என்பது அவர்கள் கணக்கு. பயமும் துக்கமும் நெடுநாள் நீடித்தால் அது இந்த நோய்தான் என்றும் எழுதிவைத்தார்கள். யுனானி மருத்துவத்தில் இன்றும் இதற்கு ‘மாலிகோலியா’ என்றுதான் பெயர்.

கரும்பித்தம் என்று ஒரு நீர் உடம்பில் இல்லை என்பது பிற்காலத்தில் தெளிவாகிவிட்டது. ஆனாலும் மனத்துயரம் உடம்பில் பேசும் என்று அவர்கள் கண்டது உண்மை. வாதம், பித்தம், கபம் என்று பார்த்த நம் சித்தர்களுக்கும் இது தெரியும்.

விழுப்புரம் மாவட்டத்தில் வானூர்ப் பக்கத்துக் கிராமங்களில் முந்திரித் தோப்புக்கும் கழனிக்கும் போய்வரும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். “மனசு சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. “ஒடம்பு அசதியா கெடக்கு, சோறு எறங்கல, விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது” என்பார்கள். சத்து ஊசி போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இன்றைய மனநல மருத்துவம் ‘மெலன்கலி’ வகை மனச்சோர்வுக்குச் சொல்லும் அடையாளங்களும் இவைதாம்: வழக்கமான நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே விழித்துக்கொள்வது, காலையில் துயரம் கனப்பது, பசி போவது, எதிலும் மகிழ்ச்சி இல்லாமல் போவது, காரணமின்றிக் குற்றவுணர்வு.

சாவுத் துக்கத்தைச் சுமக்க நம் ஊருக்கு நன்றாகத் தெரியும். செய்தி கேட்டதும் சனம் ஓடிவரும். பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து, சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். அழாமல் இறுகிக் கிடப்பவளையும் அந்தக் குரல் அழவைத்துவிடும். பங்காளி வீட்டிலிருந்து சோறு வரும். காரியம் முடிகிறவரை அந்த வீட்டைத் தனியே விடமாட்டார்கள். பெரிய ஏற்பாடு அது. மனமறிந்து செய்த ஏற்பாடு.

மனச்சோர்வு வந்த வீட்டுக்கு யார் போகிறார்கள்? அங்கே பிணம் இல்லை, பறை இல்லை. நோயுற்றவள் மூலையில் படுத்திருக்கிறாள். “சோம்பேறி” என்கிறார்கள், “திமிர்” என்கிறார்கள், இல்லையென்றால் மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். இழவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள வேறுபாட்டை சிக்மண்ட் பிராய்ட் 1917இல் வெளியான ஒரு கட்டுரையில் விளக்கினார். இழவில் உலகம் வெறுமையாகிறது. இந்த நோயில் தன்னையே வெறுமையாக உணர்கிறார் மனிதர். அப்படிப்பட்டவரால் வாய்திறந்து உதவி கேட்க முடிவதில்லை. நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

இது குணப்படுத்தக்கூடிய நோய். பேச்சுச் சிகிச்சை உண்டு, மாத்திரை உண்டு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வானூரிலிருந்து பஸ் ஏறினால் போய்வரும் தூரம்தான். பஸ் ஏறவும் தெம்பில்லையென்றால் போன் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. உங்கள் தெருவில் பல நாளாக வெளியே வராதவர் யாராவது இருந்தால், இன்றே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.