துணி போய்ச் சேரும் இடம்

காயத்துக்கு மருந்து வைத்து வெள்ளைத் துணி சுற்றுகிறார்களே, அந்தத் துணியை எங்கே நெய்கிறார்கள் தெரியுமா? ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் அதுதான் தொழில்.

தெருவில் நடந்தால் விசைத்தறிச் சத்தம். வேட்டி மாதிரி நெருக்கி நெய்தால் ஆகாது. இழைக்கு இழை இடைவெளி வேண்டும். அப்போதுதான் காற்று புகும். பிறகு வெளுக்க வேண்டும். வெளுக்காத துணி ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது.

அருகே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு மாலை கட்டுகிறவருக்கு ஒரு கொடுப்பினை. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசியில் திருப்பதி கருட சேவைக்குப் போகிறது. தன் வேலை போய்ச் சேருகிற இடம் அவருக்குத் தெரியும். டி.வி.யிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தறிக்காரருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அவர் துணி போய்ச் சேருகிற இடம் யாரோ ஒருவரின் காயம். பிரித்ததும் குப்பை. நெய்தவர் யாரென்று யார் கேட்கப் போகிறார்கள்?

என்ன வேலை என்று கேட்டால், "சும்மா தறி ஓட்டுறேன்" என்பார்கள் சிலர். அந்தச் "சும்மா"வை எடுத்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குத் துணி நெய்யிறேன்" என்று சொல்லிப் பாருங்கள் ஐயா. குரலே நிமிர்ந்துவிடும். போய்ச் சேருகிற இடம் தெரிந்த குரல் அது. கூலி அதனால் உயராது; அதற்கு முதலாளியிடம் தனியாகத்தான் பேச வேண்டும்.