வெள்ளைச் சுவர் முன் நின்ற பிள்ளைகள்



நான் ஒளிப்படக் கலைஞன் அல்லன். அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பள்ளியில் எந்த விழா என்றாலும் படம் எடுக்கும் வேலை என் தலையில் விழும். உங்கள் பள்ளியிலும் அப்படி ஒருவர் இருப்பார். இன்று காலை வருகைப் பதிவு செய்யும்போதே மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்: "சார், எந்தக் கேமரா வாங்கலாம்?" பதில் சொல்லும் முன், நான் பட்ட ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அடையாள அட்டைக்காக வெள்ளையடித்த சுவர் முன் பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்திப் போனில் படம் எடுத்தேன். அட்டைகள் அச்சாகி வந்தன. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்தாள். காரணம் கேட்டால் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள்: "அதுல அவ மூஞ்சியே தெரியல சார்." வாங்கிப் பார்த்தேன். கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் ஒரே கருப்பு.

போன் சரியில்லை என்று முடிவு கட்டினேன். பண்டிகை முன்பணத்தோடு கைக்காசும் சேர்த்து டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று வாங்கினேன். அடுத்த ஆண்டும் அதே சுவர், அதே பெண், அதே கருப்பு. என்ன, முன்பைவிடத் துல்லியமான கருப்பு!

ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். "கேமராவுக்கு அது முகம்னு தெரியாது சார், எவ்வளவு வெளிச்சம்னுதான் தெரியும்" என்றார். அறிவியல் ஆசிரியருக்கு அது உறைத்தது. கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். வெள்ளைச் சுவர் நிறைய ஒளியைத் திருப்பி அனுப்பும். 'வெளிச்சம் அதிகம்' என்று கேமரா ஒளியைக் குறைக்கும். சுவர் சாம்பலாகும், மாநிறப் பிள்ளைகளும் கருத்த பிள்ளைகளும் இருட்டில் போய்விடுவார்கள். கரும்பலகை முன் நிறுத்தினால் தலைகீழ், முகம் வெளிறிப்போகும்.

கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று உண்டு. அதில் ஒரு படி கூட்ட வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான போன்களில் முகத்தைத் தொட்டால் சிறு சூரியன் தோன்றும். அதை மேலே தள்ளுங்கள். பிள்ளையைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல், வராந்தா விளிம்பில் மைதானத்தைப் பார்த்தபடி நிறுத்துங்கள். நேர் வெயில் படக்கூடாது.

கருவிமேல் பழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். படம் அச்சிடும் கூடங்களில் நிறம் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய அட்டையில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்பார்கள். நம் பிள்ளைகளின் நிறம் அந்த அளவுகோலில் இல்லை. அதனால்தான் அளவுகோலைத் திருத்த நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

பணம் செலவழிக்க வேண்டிய இடமும் உண்டு. ஆண்டு விழா நாடகம் மாலை மங்கிய விளக்கில் நடக்கும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ், முழு ஜூமில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அங்கே என் பயிற்சி எதுவும் செல்லவில்லை, லென்ஸ்தான் வாங்கினேன். ஆனால் எது குறைகிறது என்று தெரிந்து வாங்கினேன். கேமரா வாங்கியபோது அது தெரியாது.

அந்தப் பெண் எட்டாம் வகுப்பு முடிக்கும் முன் அவளை வராந்தாவில் நிறுத்தி மறுபடி எடுத்தேன், பழைய போனிலேயே. திரையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொண்ணு எடுங்க சார், சிரிக்கிறேன்" என்றாள்.

பேச்சு போதும். போன்களை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வாருங்கள். வெயில் உச்சிக்கு வருமுன் ஆளுக்கு இரண்டு முகம் எடுத்துவிடலாம்.